பழைய கதவு நிலையும் பேலட் பலகையும் புத்தக அலமாரி ஆகும் விதம்

கேள்வியின் சுருக்கம் இது. ஊரில் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை இடித்தபோது எடுத்து வைத்த தேக்கு நிலை ஒன்றும் அதன் இரட்டைக் கதவும் கையில் இருக்கின்றன. வேலை செய்யும் இடத்தில், சரக்கு அடுக்க உதவும் நான்கு மர பேலட்டுகளை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். மொட்டை மாடியில் பிளைவுட் போட்ட ஒற்றைக் கட்டில் ஒன்றும், பயன்படாத டிவி ஷோகேஸ் ஒன்றும் கிடக்கின்றன. 400 புத்தகங்கள் அட்டைப் பெட்டிகளில் அடைந்து கிடக்கின்றன. வீடு வாடகை வீடு. இவற்றை வைத்து நல்ல புத்தக அலமாரி ஒன்றைத் தாமே வடிவமைத்துச் செய்ய முடியுமா, முடியுமென்றால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். தொடங்கும் இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் தவறிவிடுகிறார்கள். கைப்பேசியில் ஒரு படத்தைப் பார்த்து, அதே போல் நான்கடி அகலத்தில் ஒரு வரைபடம் போட்டு, பிறகு அந்த அளவுக்கு மரம் தேடுகிறார்கள். மரக்கடையில் புது மரம் வாங்கும்போது அந்த வழி சரி. பழைய மரத்தில் வேலை செய்யும்போது வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்: இருக்கும் மரத்தையெல்லாம் தரையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் பழுதில்லாத நீளம் எவ்வளவு என்று அளந்து எழுதிய பிறகுதான் பென்சிலைக் கையில் எடுக்க வேண்டும். பழைய மரத்தின் குறை என்று எல்லோரும் சொல்வது, அது துண்டு துண்டாகக் கிடைக்கிறது என்பதே. ஆனால் புத்தகத் தட்டுக்கு வேண்டியதும் குட்டைப் பலகைதான். மேசை செய்யவோ கட்டில் செய்யவோ உதவாத இருபது அங்குலத் துண்டு, புத்தகத்தைத் தாங்கும் வேலையில் நான்கடிப் பலகையை விட மேலானது.

ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை டெம்மி அளவில், அதாவது ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் அகலமும் 21.5 சென்டிமீட்டர் உயரமும் கொண்டவையாக இருக்கும். கிரவுன் அளவுப் புத்தகங்கள் அதைவிடச் சிறியவை. டெம்மி புத்தகங்களை ஓரடி நீளத்துக்கு நெருக்கி அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டி, மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 7 கிலோ காட்டும். வழவழப்பான தாளில் அச்சான பெரிய படப் புத்தகங்களும் அகராதிகளும் அதைப் போல் இரண்டு மடங்கு கனக்கும். ஆகவே அடிக்கு 12 கிலோ என்று வைத்துக்கொண்டு வடிவமைத்தால், இரண்டையும் கலந்து அடுக்கும் தட்டுக்குக் கவலை இல்லை. புத்தகத்தின் சராசரித் தடிமனை 2 சென்டிமீட்டர் என்று கொண்டால், உங்கள் 400 புத்தகங்களுக்கு 8 மீட்டர், அதாவது 26 அடிக்குச் சற்று மேல் தட்டு நீளம் தேவைப்படும். புத்தகம் சேர்ப்பவர் கை சும்மா இருக்காது என்பதால் 33 அடி என்று திட்டமிடுங்கள்.

இரு முனையிலும் தாங்கப்பட்ட பலகை நடுவில் எவ்வளவு தொய்யும் என்பது நீளத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. நீளம் இரட்டித்தால் தொய்வு இரட்டிப்பதில்லை, பதினாறு மடங்காகிறது. தடிமனுக்கு மூன்றாம் அடுக்கு. தடிமனை இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். 20 மில்லிமீட்டர் தடிமனும் மொத்தம் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பைன் மரத் தட்டின் மீது அடிக்கு 12 கிலோ ஏற்றினால், இரண்டடி நீளத்தில் அது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் தொய்யும். மூன்றடியில் 3 மில்லிமீட்டர். நான்கடியில் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். இது ஏற்றிய அன்றைக்கு வரும் தொய்வுதான். மரம் சுமைக்கு மெதுவாக இணங்கிக்கொண்டே போகும் என்பதால் ஓரிரு ஆண்டுகளில் இது இன்னும் கூடும். அடிக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் தொய்ந்தால் கண் அதைக் கண்டுபிடித்துவிடும் என்பது மர வேலையில் ஒரு நடைமுறைக் கணக்கு. ஆகவே ஆறு நூல், அதாவது முக்கால் அங்குலப் பலகைக்கு இரண்டடியே எல்லை.

இந்தக் கணக்கை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. நான் முதன்முதலில் செய்த அலமாரியில், உங்களிடம் இருப்பதைப் போன்ற ஒரு ஷோகேஸைப் பிரித்தெடுத்த பார்ட்டிகிள் போர்டுப் பலகைகளை நான்கடி நீளத்துக்கு அப்படியே போட்டேன். மேலே ஒட்டியிருந்த மைக்கா பளபளப்பாக இருந்ததால் பார்வைக்கு அது தேக்குக்கு அண்ணன் போல் இருந்தது. ஐப்பசி மழைக்குள் நடுத்தட்டு ஊஞ்சல் போல் வளைந்து, அதற்குக் கீழே இருந்த புத்தகங்களின் தலையில் உட்கார்ந்துவிட்டது. புத்தகத்தை உருவ முடியவில்லை. பார்ட்டிகிள் போர்டின் விறைப்பு நல்ல மரத்தின் விறைப்பில் நாலில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். சுமைக்கு இணங்கி வளைவதும் அதில் அதிகம். ஈரம் பட்டால் ஊதிப் பொரியும். ஒரு முறை கழற்றிய திருகாணியை அதே துளையில் மீண்டும் முடுக்கினால் மாவில் முடுக்கியது போல் சுற்றும். ஷோகேஸிலிருந்து கீல்களையும் கைப்பிடிகளையும் கழற்றி வைத்துக்கொண்டு, பலகையை விட்டுவிடுங்கள்.

இனி நிலையைப் பார்ப்போம். உங்களிடம் இருப்பதிலேயே விலைமதிப்பான பொருள் அதுதான், ஆனால் அதையும் முழுதாக நம்பிவிடக் கூடாது. பல ஆண்டுகள் தரையில் ஊன்றி நின்ற நிலையின் அடிப்பகுதி, ஈரத்தினாலும் கரையானாலும் ஆறு முதல் பத்து அங்குலம் வரை கெட்டுப்போயிருப்பது வழக்கம். சுத்தியல் காம்பால் அடியிலிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்ட இடத்தில் 'பொத்' என்றும், வைரம் பாய்ந்த இடத்தில் 'டங்' என்றும் ஓசை மாறும். மாறுகிற இடத்துக்கு இரண்டு அங்குலம் மேலே கோடு போட்டு அறுத்துவிடுங்கள். பிறகு திருப்புளி முனையால் நான்கு பக்கமும் குத்திப் பாருங்கள். தேக்கின் வைரப் பகுதியைக் கரையான் எளிதில் தொடுவதில்லை. ஆனால் ஓரங்களில் வெளிறித் தெரியும் வெள்ளைப் பகுதிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. குண்டூசித் தலை அளவில் துளைகள் இருந்து, தட்டும்போது அவற்றிலிருந்து மாவு போல் தூள் கொட்டினால், மரத்தைத் துளைக்கும் பூச்சியான உளு இன்னும் உள்ளே உயிரோடு இருக்கிறது என்று பொருள். துளை மட்டும் இருந்து தூள் இல்லையென்றால் பெரும்பாலும் பழைய கதை. ஒரு வாரம் கறுப்புத் துணி மேல் கிடத்தி வைத்து, புதுத் தூள் விழுகிறதா என்று பார்த்து உறுதி செய்யலாம்.

அறுவைக்கு முன் ஆணி. பழைய மரத்தைக் கொண்டுபோனால் மர மில்லில் பல இடங்களில் முகம் சுளிப்பார்கள், அது நியாயமும்கூட. மரத்துக்குள் முறிந்து கிடக்கும் ஓர் ஆணி போதும், ரம்பப் பட்டையின் பற்களை வரிசையாகச் சிதைத்துவிடும். ஆள் மீது தெறிக்கவும் செய்யும். ஒரு முறை நான் கொண்டுபோன சட்டத்தில், தோரணம் கட்ட எப்போதோ அடித்த அரை அங்குல ஆணி ஒன்று பெயின்ட்டுக்கு அடியில் ஒளிந்திருந்தது. மில்காரர் பட்டையை நிறுத்தி என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு, ரிப்பேரான ஸ்பீக்கர் ஒன்றைப் பிரித்து அதன் காந்தத்தை நூலில் கட்டி வைத்துக்கொண்டேன். காந்தத்தைத் தொங்கவிட்டு மரத்தின் மேல் மெதுவாக நகர்த்தினால், ஆணி இருக்கும் இடத்தில் நூல் சாய்ந்து காட்டிக்கொடுக்கும். பித்தளை ஆணிக்கும் பித்தளைக் குமிழுக்கும் இது உதவாது, அவற்றைக் கண்ணால்தான் தேட வேண்டும்.

ஆணியை எடுத்த நிலையை எப்படிப் பிளப்பது என்பதில்தான் இந்த அலமாரியின் வடிவமே இருக்கிறது. நான்குக்கு மூன்று அங்குலக் கனமும் ஏழடி உயரமும் உள்ள இரண்டு நெடுங்கட்டைகள் என்று அளவு கொடுத்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றையும் நெடுக்கில் நான்காகப் பிளந்தால், ரம்பம் தின்றது போக, ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்றரை அங்குலத்தில் நான்கு கால்கள் கிடைக்கும். இரண்டு கட்டைக்கு எட்டுக் கால்கள். மூன்று அறைகள் கொண்ட அலமாரிக்கு நான்கு ஏணிச்சட்டங்கள் வேண்டும், ஓர் ஏணிக்கு முன்னே ஒன்று பின்னே ஒன்று என இரண்டு கால்கள். கணக்கு கச்சிதமாக முடிகிறது. ஒரே ஒரு சிக்கல்: கதவு படிவதற்காக நிலையின் உள்பக்கத்தில் அரை அங்குலக் காடி, அதாவது நீளவாட்டுப் பள்ளம் எடுத்திருப்பார்கள், கீல் பதித்த பள்ளங்களும் தாழ்ப்பாள் துளையும் இருக்கும். அந்த மூலையிலிருந்து வரும் கால்கள் மற்றவற்றை விட மெலிந்தும் வடுக்களோடும் இருக்கும். அவற்றைப் பின் கால்களாக வைத்துக்கொள்ளுங்கள். வடுவை மறைக்க வேண்டும் என்றில்லை. கீல் பதிந்த பள்ளம் ஒன்று முன்பக்கம் தெரிந்தால் எனக்குப் பிடிக்கும், உங்களுக்கு எப்படியோ.

பேலட்டுகளைத் தொடுவதற்கு முன் அவற்றின் பக்கவாட்டுக் கட்டைகளில் சூடு போட்டோ அச்சடித்தோ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நாடு விட்டு நாடு போகும் பேலட்டுகளுக்கு ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டு விதிப்படி பூச்சி நீக்கம் கட்டாயம். கதிர் வடிவ முத்திரையும், நாட்டின் குறியெழுத்தும், நீக்கிய முறையும் அதில் இருக்கும். எச்.டி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் ஏறும்படி சூடேற்றப்பட்டது என்று அர்த்தம். வீட்டுக்குள் வைக்க அதுவே நல்லது. எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவைக் கொண்டு புகையூட்டியது, அதை ஒதுக்கிவிடுங்கள். உள்நாட்டிலேயே சுற்றிய பேலட்டுகளில் முத்திரை இருக்காது. அவற்றில் எண்ணெய்க் கறை, ரசாயன வாடை, நிறம் மாறிய திட்டுகள் இருந்தால் எடுக்க வேண்டாம்; இல்லையென்றால் எடுக்கலாம். எந்தச் சரக்கு வைத்திருந்தார்கள் என்று கிடங்கில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பது இவை எல்லாவற்றையும் விட நம்பகமான வழி.

பேலட்டைக் கடப்பாரையால் நெம்பிப் பிரிக்க முயன்றால் பாதிப் பலகைகள் முனையில் பிளந்துவிடும், ஏனென்றால் அதில் அடிப்பது முறுக்கு ஆணி, பிடுங்குவதற்காக அடித்ததல்ல. பலகைக்கும் கட்டைக்கும் நடுவே இரும்பறுக்கும் வாளின் அலகை நுழைத்து ஆணியையே அறுத்துவிடுவதுதான் பொறுமையான வழி. கை வலிக்கும், ஆனால் பலகை முழுதாக வரும். உங்கள் பேலட்டின் மேல்தளத்தில் 1200 மில்லிமீட்டர் நீளமும் நான்கு அங்குல அகலமும் உள்ள பலகைகள் ஏழு வீதம், நான்கிலும் சேர்த்து 28 இருக்கின்றன. முனைகளில் ஆணித்துளையும் விரிசலும் உள்ள பகுதியை இரண்டு பக்கமும் கழித்தால் 44 அங்குலம் நல்ல பலகை மிஞ்சும். அதைச் சரிபாதியாக அறுத்தால் 22 அங்குலத்தில் இரண்டு துண்டு. அலமாரியின் அறை அகலம் 22 அங்குலம் என்பது இப்படித்தான் முடிவாகிறது. வட்டமான எண் வேண்டுமென்று 24 என்று வைத்துக்கொண்டால், ஒரு பலகைக்கு ஒரு துண்டுதான் தேறும், பாதி மரம் வீணாகும்.

ஒரு தட்டுக்கு நான்கு அங்குலப் பலகைகள் இரண்டு, நடுவில் அரை அங்குல இடைவெளி, ஆக எட்டரை அங்குல ஆழம். டெம்மி புத்தகத்துக்கு ஐந்தரை அங்குலமே போதும். ஏ4 அளவுப் புத்தகங்களும் இதில் அடங்கிவிடும். நடு இடைவெளியில் காற்று புகும் என்பதால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிப்பது குறையும். பன்னிரண்டு அங்குல ஆழத்தில் செய்து, முன்னே ஒரு வரிசை பின்னே ஒரு வரிசை என்று அடுக்குபவர்கள் உண்டு; பின்வரிசைப் புத்தகத்தை அவர்கள் மறுபடி பார்ப்பது வீடு மாற்றும்போதுதான். மூன்று அறைகளுக்கும் ஆறு தட்டுகள் வீதம் பதினெட்டுத் தட்டு, அதற்கு 36 துண்டு, அதாவது 18 முழுப் பலகை. கையில் 28 இருப்பதால் பிளந்தது, முறுக்கியது, முடிச்சு விழுந்தது எல்லாவற்றையும் தாராளமாகக் கழிக்கலாம். பதினெட்டு முறை 22 அங்குலம் என்பது 396 அங்குலம். அதுவே நாம் தேடிய 33 அடி.

உயரம் அளக்கும்போது அநேகமாக எல்லோரும் ஒரு முறை செய்யும் தவறு ஒன்று உண்டு. தட்டு எதன் மேல் உட்காரும் என்றால், ஏணிச்சட்டத்தின் முன் காலையும் பின் காலையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்தின் மேல். அந்தச் சட்டத்தை ஓர் அங்குலத் தடிமனும் ஒன்றேகால் அங்குல உயரமுமாக வெட்டிக்கொள்ளலாம். மேல் தட்டைத் தாங்கும் சட்டம் கீழ் அறைக்குள் ஒன்றேகால் அங்குலம் தொங்கிக்கொண்டிருக்கும் என்பதை மறந்து, பலகைக்கும் பலகைக்கும் நடுவே 9 அங்குலம் விட்டால், நடுவில் டெம்மி புத்தகம் நுழையும், இரு ஓரத்திலும் நுழையாது. அதனால் டெம்மிக்கு 10 அங்குலம் விட வேண்டும். கீழ்த்தட்டுக்குப் பன்னிரண்டரை, அடுத்ததற்குப் பதினொன்றரை, மேலே நான்குக்கும் பத்து பத்து. இவற்றோடு ஆறு பலகைகளின் தடிமனையும், தரையிலிருந்து விட வேண்டிய 4 அங்குலத்தையும் கூட்டினால் கால் உயரம் ஏறக்குறைய 6 அடி 1 அங்குலம் வருகிறது. ஏழடி நிலையில் அடியில் கெட்டது பத்து அங்குலம் போனாலும் இது கிடைத்துவிடும். தரையிலிருந்து 4 அங்குலம் என்பது துடைப்பமும் மாப்பும் உள்ளே போவதற்கு. தாழ்வான பகுதியில் தரைத்தளத்தில் குடியிருப்பவர் என்றால் அந்த 4 அங்குலத்தை ஓரடி ஆக்கி, மேலே ஒரு தட்டைக் குறைத்துக்கொள்வதே மேல். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கீழ்த்தட்டுப் புத்தகங்களை இழந்தவர்கள் நான் சொல்லாமலே அதைச் செய்வார்கள்.

குறுக்குச் சட்டம் மொத்தம் 42 வேண்டும்: ஓர ஏணிகள் இரண்டுக்கும் உள்பக்கம் மட்டும் ஏழு ஏழு, நடு ஏணிகளுக்கு இரு பக்கமும் ஏழு ஏழு. நிலையின் மேல்கட்டையும் கீழ்ப்படியும் இதற்குத்தான். அவற்றில் குறைவதை பேலட்டின் அடிக்கட்டைகளிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் ஒவ்வொன்றையும் காலின் பக்கவாட்டில் ஒட்டி, முனைக்கு இரண்டு திருகாணி வீதம் முடுக்கினால் போதும். கழுந்தும் (துளைக்குள் நுழையும் முனை) துளையும் எடுக்கத் தெரிந்தவர் எடுக்கலாம். தெரியாதவர் அரைகுறையாக எடுத்த கழுந்தை விட, நேராக முடுக்கிய திருகாணி உறுதியானது. நடு ஏணிகளில் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து வரும் திருகாணிகள் ஒன்றரை அங்குலக் காலுக்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்பதால், துளைகளைச் சற்று விலக்கிப் போடுங்கள். இரண்டு அங்குலத் திருகாணிக்கு முன்துளை கட்டாயம் வேண்டும். பழைய தேக்கில் முன்துளை இல்லாமல் முடுக்கினால் மரம் பிளக்கும் அல்லது திருகாணியின் தலை முறியும். புரியில் கொஞ்சம் சலவை சோப்பைத் தேய்த்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும், இது ஆசாரிமார்களின் பழைய பழக்கம். ஒட்டும் இடத்தில் தேக்கைப் புதிதாக இழைத்த அன்றைக்கே பெவிகால் போடுங்கள். தேக்கில் உள்ள இயற்கையான எண்ணெய் நாளாக ஆக மேற்பரப்புக்கு வந்து ஒட்டைப் பலவீனமாக்கும்.

ஏணிகளில் ஏழாம் வரிசைச் சட்டம் எதற்கு என்று தோன்றியிருக்கும். மேல்மூடிக்கு. இங்கேதான் கட்டில் வருகிறது. ஆறுக்கு மூன்று அடி பிளைவுட்டில் 25 அங்குல அகலத்தில் ஒரு துண்டை நெடுக்காக அறுத்தால், அது நடு அறையின் முதுகுப் பலகை. மிஞ்சும் 11 அங்குலப் பட்டை ஆறடி நீளமாக இருக்கும். மூன்று அறையும் நான்கு காலும் சேர்ந்த அலமாரியின் மொத்த அகலமும் ஆறடிதான் என்பதால், அதுவே ஒரே துண்டில் மேல்மூடி. ஓரத்தில் உள்ள போல்ட் துளைகளைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

முதுகுப் பலகையை அழகுக்கென்று நினைத்துத் தவிர்த்துவிடாதீர்கள். கால்களும் தட்டுகளும் மட்டும் உள்ள சட்டகம் எவ்வளவு கனமான மரத்தில் செய்திருந்தாலும், பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளினால் செவ்வகம் சாய்சதுரமாகச் சரியும். மூட்டுகள் ஒவ்வொன்றும் சிறிது சிறிதாக இளகி, ஒரு நாள் மொத்தமாக ஒரு பக்கம் படுத்துவிடும். மூன்று அறைகளில் ஒன்றை மட்டும் பிளைவுட்டால் மூடி ஆறு அங்குலத்துக்கு ஒரு திருகாணி வீதம் முடுக்கினாலே மற்ற இரண்டும் அசையாது. பிளைவுட் இல்லாதவர்கள் மூலைக்கு மூலை ஒரு ரீப்பரை (மெல்லிய மரச்சட்டம்) சாய்வாக அடித்தாலும் அதே பலன் கிடைக்கும். முடுக்குவதற்கு முன் சட்டகத்தைத் தரையில் படுக்க வைத்து, இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து சமமாக்கிக்கொள்ளுங்கள். மூலைமட்டம் கையில் இல்லையென்றால் ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி குறித்து, இடையே ஐந்தடி வருகிறதா என்று பார்த்தால் போதும்.

வண்ணம் பூசிய பழைய மரத்தில் ஓர் அபாயம் உண்டு, அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய எனாமல் பெயின்ட்டுகளில் ஈயம் இருந்தது. இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் தாத்தாவின் நிலையில் உள்ள பச்சைப் பெயின்ட் அதற்கு வெகுகாலம் முந்தியது. அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூள் கிளப்பவோ, தீயில் வாட்டி உரிக்கவோ கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் கூடவே கூடாது. பெயின்ட் நீக்கும் பசையைத் தடவி ஊறவிட்டுச் சுரண்டி எடுத்து, சுரண்டியதைத் தாளில் மடித்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். மிச்சத்தைத் தண்ணீர் தொட்ட நீர் உப்புத்தாளால், முகக்கவசம் போட்டுக்கொண்டு, மொட்டை மாடியில் தேயுங்கள். நான்காகப் பிளந்து எடுக்கும்போது பெயின்ட் பட்ட முகங்கள் பாதிக்குப் பாதிதான் மிஞ்சும் என்பது ஓர் ஆறுதல்.

பேலட் மரத்துக்குத் தேக்கின் தற்காப்பு கிடையாது. அதுவும் ரப்பர் மரமாக இருந்தால் உளு மிக விரும்பும். நிழலில் காற்றோட்டமாக, பலகைக்குப் பலகை குச்சி வைத்து மூன்று நான்கு வாரம் அடுக்கி உலர்த்துங்கள். பிறகு போராக்ஸும் போரிக் ஆசிடும் கலந்த வெந்நீரை, எண்ணெயோ வார்னிஷோ படாத மரத்தின் மீது இரண்டு மூன்று தடவை தாராளமாகப் பூசி உலரவிட்டால் உளுவும் கரையானும் அண்டுவது வெகுவாகக் குறையும். குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்துக்கொண்டு, கையுறையோடு செய்ய வேண்டிய வேலை இது. மேலே இரண்டு கை வார்னிஷ் போதும். எண்ணெய் பூச்சு அழகாக இருக்கும், ஆனால் சரியாகக் காயாத ஆளிவிதை எண்ணெய் புத்தக அட்டையில் கறையாக ஏறும். வார்னிஷ் வாடை அறவே போகும் வரை, குறைந்தது பத்து நாள், புத்தகம் வைக்காதீர்கள்.

இரயில்வே சிலீப்பர் கட்டை மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், வீட்டுக்குள் வேண்டாம். பல கட்டைகளில் ஏற்றியிருக்கும் கிரியோசோட் எண்ணெய் எத்தனை ஆண்டானாலும் வெயிலில் கசியும்.

வாடகை வீடு என்பதால் சுவரில் துளை போடத் தயங்குவீர்கள். ஆனால் எட்டரை அங்குல ஆழமும் ஆறடி உயரமும் உள்ள அலமாரியில் 33 அடிக்குப் புத்தகம் நிறைந்தால் 230 கிலோவுக்குக் குறையாது. ஒரு குழந்தை மேல்தட்டை எட்டிப் பிடிக்க ஏறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டு, மேல்மூடிக்குச் சற்றுக் கீழே இரண்டு எல் வடிவக் கிளாம்புகளை ரால் பிளக் போட்டு முடுக்குங்கள். காலி செய்யும்போது இரண்டு துளையையும் பட்டி வைத்து அடைத்துவிடலாம். முன் கால்களுக்கு அடியில் இரண்டு நூல் தடிமனுக்கு ஒரு துண்டைக் கொடுத்து அலமாரியைச் சுவரை நோக்கிச் சாய்ப்பதும் நல்லது, ஆனால் அது கிளாம்புக்கு மாற்று ஆகாது. ஈரம் ஊறும் சுவர் என்றால் ஓர் அங்குல இடைவெளி விட்டு, அந்த இடைவெளிக்கு ஒரு மரத்துண்டைக் கொடுத்து முடுக்குங்கள். அடுக்கும்போது கீழ்த்தட்டிலிருந்து தொடங்கி, கனமானவற்றை அங்கேயே வையுங்கள். ஒரு மாதம் கழித்து திருகாணிகளை மறுபடி ஒரு சுற்று முடுக்கிவிடுங்கள். மரம் உலர உலர மூட்டு இளகியிருக்கும்.

கதவைப் பற்றி இவ்வளவு நேரம் நான் பேசவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கதவை அறுத்துத் தட்டுகளாக்கலாமா என்பதே உங்கள் கேள்வியின் கடைசி வரி. அறுக்க வேண்டாம். பழைய கதவில் நடுப்பலகைகள் மெலிந்தவை, சட்டங்கள் குறுகியவை, பிரித்தால் தேறுவது மிகக் குறைவு. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழம்பொருள் கடைகளில் இப்படிப்பட்ட கதவுகளை முழுதாகத்தான் வாங்குகிறார்கள். ஆனால் நீங்கள் விற்கவும் வேண்டாம். அதன் ஒரு பலகத்தை இரண்டு குதிரைக் கால்களின் (பலகையைத் தாங்கும் மரத் தாங்கிகள்) மேல் கிடத்தி, மேலே ஒரு கண்ணாடியைப் போட்டால் ஆறடி நீளத்தில் எழுதும் மேசை ஆகிவிடும். அந்தக் குதிரைக் கால்களுக்கு வேண்டிய மரம், நான் கணக்குப் போட்ட வரையில், பேலட்டில் மிஞ்சிய பத்துப் பலகைகளிலேயே இருக்கிறது.